மேட்ரனம்மா காலைக் காட்டிய நாள்

சோறு வடிக்கும்போது கை நழுவி, கொதிக்கிற கஞ்சியை என் காலிலேயே ஊற்றிக்கொண்டேன். தீக்காய வார்டில் வேலை பார்த்தே தலை நரைத்தவள் நான். அடுப்படியில் எப்படி நிற்க வேண்டும், சேலைத் தலைப்பை எங்கே செருக வேண்டும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவள். விஷயம் வெளியே தெரிந்தால் சிரிப்பாய்ச் சிரிப்பார்கள் என்று யாரிடமும் மூச்சு விடவில்லை. காலைப் பச்சைத் தண்ணீரில் வைத்திருந்துவிட்டு, களிம்பு வாங்கி வரச்சொல்லித் தடவி, நானே குனிந்து கட்டுப் போட்டுக்கொண்டேன். முழங்கால் வலி உள்ளவளுக்குக் குனிந்து சொந்தப் பாதத்தில் கட்டுப் போடுவது லேசான காரியம் இல்லை.

களிம்பு கொடுத்த மருந்துக்கடைக்காரர் வாயில் எதுவும் நிற்காது. அடுத்த நாளே மலர் பையோடு வந்து நின்றாள். மலர் என்னோடு வேலை பார்த்தவள். இப்போது எங்கள் பழைய வார்டை அவள்தான் நடத்துகிறாள்.

“காலைக் காட்டுங்கக்கா.”

“ஒண்ணுமில்ல தாயி, லேசாப் பட்டுருச்சு. நானே பாத்துக்கிறேன். நீ போய் உன் சோலியைப் பாரு” என்று பாதத்தைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டேன்.

அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். “பொன்னுத்தாயி கதையை எங்களுக்கு நூறு வாட்டி சொன்னது யாரு? இப்ப நீங்களே இப்படி ஒளிச்சா என்ன அர்த்தம்?”

அன்றைக்கு என் கால் என்ன ஆனது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அந்தக் கதையை எழுதிக் கொடுங்கள், புதுப் பிள்ளைகளுக்குப் படிக்கக் கொடுக்கிறேன் என்று அவள் கேட்டுக்கொண்டதால் இதை எழுதுகிறேன்.

என் பெயர் ஜெயமணி. சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவில் ஒரு கரிசல் காட்டுக் கிராமம். மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்புப் படித்தேன். ஊசி போடவும், தலையணை உறை மாற்றவும், டாக்டர் வந்தால் விறைப்பாக எழுந்து நிற்கவும் அங்கே கற்றுக்கொண்டேன். அதற்குப் பிறகு பல ஆஸ்பத்திரிகள். கடைசியில் எங்கள் பக்கத்துச் சிறிய மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றின் தீக்காய வார்டுக்கு வந்து சேர்ந்தேன். அங்கேதான் மேட்ரனம்மா இருந்தார்.

ஞானரத்தினம் என்பது அவர் பெயர். நாகர்கோவில் பக்கத்துக்காரர். கல்யாணம் கட்டவில்லை. ஆஸ்பத்திரி வளாகத்திலேயே ஓர் அறைக் குவார்ட்டர்ஸ். மேட்ரன் என்றால் நாற்காலியில் உட்கார்ந்து அதட்டுகிறவர் என்றுதான் நான் அதுவரை பார்த்திருந்தேன். இவர் காலையில் வார்டுக்குள் நுழைந்ததும் கேட்கிற முதல் கேள்வி, “இன்னைக்கு ரொம்ப மோசமான புண்ணு யாருக்கு?” என்பது. அந்தப் புண்ணுக்குக் கட்டு மாற்றுவதை அவரே எடுத்துக்கொள்வார். மற்றதை எங்களுக்குப் பங்கு வைப்பார். பெட்பேன் எடுக்க ஆயா வர நேரமானால் அதையும் அவரே எடுப்பார். நாங்கள் பதறி ஓடினால், “ஏன், என் கையில என்ன, வைரமா பதிச்சிருக்கு?” என்பார்.

கட்டுப் பிரிக்க அவருக்கென்று ஒரு முறை இருந்தது. தீக்காயத்தில் ஒட்டிய துணியை வெடுக்கென்று இழுத்தால் புதிதாக வளர்ந்த தோலும் சேர்ந்து வந்துவிடும். அதனால் முதலில் சலைன் பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்துக் குளிர் போக்குவார். கால் புண் என்றால் கட்டில் ஓரம் ஒரு பேசினை வைத்து, தரையில் நான்காக மடித்த சாக்கின் மேல் முழங்காலிட்டுக்கொள்வார். ஸ்டூல் போட்டால் பாதத்தின் அடிப்பக்கம் தெரியாது என்பார். பிறகு நிமிர்ந்து நோயாளியின் முகத்தைப் பார்த்து, “தொடட்டுமா?” என்று கேட்பார்.

நினைவில்லாமல் கிடப்பவரிடமும் கேட்பார். கேட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுப்பார். “சரி” என்றால்தான் கை வைப்பார். துணியின் மேல் சொட்டுச் சொட்டாக சலைனை விட்டு, அது தானே ஊறி மிதந்து வரும்வரை காத்திருப்பார். சிலருக்கு முக்கால் மணி நேரம்கூட ஆகும். நான் இயல்பிலேயே பொறுமை இல்லாதவள். அவருக்குத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றால் எனக்குக் கால் கடுத்துவிடும்.

வார்டுக்குள் அவர் பிரசங்கம் செய்து நான் கேட்டதில்லை. வந்து கிடப்பவர்களில் அநேகம் பேர் மாரியம்மனுக்கும் கருப்பசாமிக்கும் நேர்ந்துகொண்டு வந்தவர்கள். அவர்கள் கையில் கட்டிய மஞ்சள் கயிற்றை அவிழ்க்க நேர்ந்தால், கட்டுப் போட்ட பிறகு அதே கயிற்றை வேறு கையில் கட்டிவிடுவார். பெரிய வியாழன் அன்று மட்டும், இயேசு தம் சீடர்களின் கால்களைக் கழுவியதை நினைத்து, எங்கள் சிற்றாலயத்தில் பன்னிரண்டு நாற்காலி போட்டு, கூட்டுகிறவர்கள், துவைக்கிறவர்கள், வாட்ச்மேன் எல்லோரையும் உட்காரவைத்துக் கால் கழுவித் துடைப்பார். வருஷம் தவறியதே இல்லை.

ஒரே ஒரு விஷயத்தில் எனக்கு அவரோடு சண்டை. யாரிடமும் எதையும் வாங்கமாட்டார். குணமாகிப் போகிறவர்கள் சாத்தூர் சேவு ஒரு பொட்டலம் கொண்டுவந்து நீட்டினாலும், “எனக்கு ஒண்ணும் வேண்டாம்மா, பிள்ளைகளுக்குக் குடு” என்று திருப்பிவிடுவார். கொடுத்தவர்கள் முகம் சுருங்கிப்போகும். “ஒரு வாய் தின்னா என்னம்மா, ஆஸ்பத்திரி இடிஞ்சா விழுந்துரும்?” என்று கேட்பேன். சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்து சில வருஷங்கள் கழித்து, தீபாவளி சீசன் மும்முரத்தில் பொன்னுத்தாயைக் கொண்டுவந்தார்கள். வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பெண். நாற்பத்தைந்து வயது இருக்கும். பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து நிரப்புகிற அறையில் வேலை. அந்த அறைக்குள் செருப்போடு போகக் கூடாது. உரசினால் ஆபத்து என்று வாசலிலேயே விட்டுவிடுவார்கள். அன்றைக்கு ஏதோ உரசி உள்ளே தீப் பிடித்திருக்கிறது. எல்லோரும் வெளியே ஓடிவிட்டார்கள். பொன்னுத்தாயும் ஓடிவந்துவிட்டாள். கூட வேலை பார்த்த பெண் ஒருத்தி உள்ளே விழுந்து கிடப்பது தெரிந்ததும் இவள் திரும்ப உள்ளே போய் அவளை இழுத்து வந்திருக்கிறாள், எரிகிற தரையில் வெறுங்காலோடு. அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். பொன்னுத்தாய்க்கு உடம்பில் மேலே காயம் ஒன்றும் இல்லை. இரண்டு பாதமும் வெந்துபோயிருந்தன.

அதைவிடக் கொடுமை ஒன்று நடந்திருந்தது. தீப்பட்ட இடத்தில் இங்க் ஊற்றினால் எரிச்சல் அடங்கும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. பேனா இங்க்காக இருந்தால் கழுவிவிடலாம். பொன்னுத்தாயின் கொழுந்தன் சிவகாசியில் ஆப்செட் பிரஸ்ஸில் வேலை பார்க்கிறவர். அவர் வீட்டில் காலண்டர் அச்சடிக்கிற நீல மை ஒரு டின் இருந்திருக்கிறது. பசை மாதிரி கெட்டியான மை. அதை இரண்டு பாதத்திலும் அப்பி, வேட்டித் துணியைச் சுற்றித் தூக்கி வந்திருந்தார்கள். துணியைப் பிரித்தால் காலண்டரில் இருக்கிற கண்ணன் கால் மாதிரி பளபளவென்று நீலம். எது வெந்த தோல், எது நல்ல தோல் என்று டாக்டருக்கே தெரியவில்லை.

வலிக்கு ஊசி போட்டு அவளை மயக்கத்தில் வைத்துக்கொண்டு, மேட்ரனம்மா சாக்கை விரித்து முழங்காலிட்டார். “தொடட்டுமா பொன்னுத்தாயி?” என்று கேட்டுவிட்டு வேலையை ஆரம்பித்தார். எண்ணெயில் நனைத்த பஞ்சால் மையைத் தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும்; தேய்க்கக் கூடாது. விரல் இடுக்கு, நகக்கண், குதிகால் வெடிப்பு என்று ஒவ்வோர் இடமாக எடுத்தார். நான் பஞ்சு நனைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். அவர் எழுந்தபோது, எண்ணெய் பட்டுக் கிழிந்த கையுறைக்குள் இரண்டு கையும் நீலமாக இருந்தன. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனபோதும் நகத்தில் நீலம் போகவில்லை.

மறுநாள் பொன்னுத்தாய்க்கு நன்றாகத் தெளிந்ததும், பக்கத்துக் கட்டில் மாரியம்மாள் சும்மா இருக்கவில்லை. “ஏத்தா, உனக்குத் தெரியுமா? மேட்ரனம்மா மண்டி போட்டு உக்காந்து உன் காலைக் களுவுனாகளே, எம்புட்டு நேரம்ங்கிற!”

பொன்னுத்தாய்க்கு முகம் வெளுத்துவிட்டது. “என் காலையா? ஐயையோ, பாவமில்ல அது! சாமி கும்பிடுற கையால என் காலைத் தொடவா?”

அதோடு கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். மேட்ரனம்மா வந்து, “தொடட்டுமா?” என்று கேட்டதற்கு, “வேண்டாம்” என்று சொல்லிவிட்டாள். நான் போனேன். எனக்கும் அதே பதில்தான். “மருந்தைக் குடுங்க சிஸ்டர், நானே போட்டுக்கிறேன். ஊருக்கெல்லாம் வேலை செய்யிறவ நான். எனக்கு வேலை செய்ய ஒரு ஆளா? நாங்க மத்தவுக காலுல விழுந்துருக்கோம். எங்க காலை ஒருத்தரும் தொட்டதில்ல.”

மருந்து அறைக்கு வருமுன் சரவெடி பின்னிப் பழகிய கை, வேகமான கைதான். ஆனால் குனிந்து தன் பாதத்தின் அடியைத் தானே பார்க்க முடியுமா? மேலாகக் களிம்பைத் தடவுவாள், கட்டுவாள். குனிகிறபோதெல்லாம் உள்ளங்கால் வெடித்து ரத்தம் கசியும். அடியில் செத்த தோல் அப்படியே தங்கிவிட்டது. வாடை வர ஆரம்பித்தது. காய்ச்சலும் ஏறியது.

டாக்டர் பார்த்துவிட்டு எங்களை வெளியே கூப்பிட்டார். “ரெண்டு நாள் பாப்போம். அந்தச் செத்த தோலை எடுக்கலேன்னா வலது பாதத்தை எடுக்க வேண்டி வரும். மயக்க ஊசி போடவும் சம்மதிக்க மாட்டேங்கிறாங்க.” அவள் வீட்டுக்காரர் அழுது பார்த்தார். அந்த மனிதர் பேச்சு எடுபடவில்லை.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. “அம்மா, நாலு பேர் சேந்து பிடிச்சா அரை மணி நேரத்தில முடிஞ்சுரும். அவ நல்லதுக்குத்தானே?” என்றேன்.

“மாட்டேன்னு சொன்ன காலை நான் தொடமாட்டேன் ஜெயா” என்றார் மேட்ரனம்மா.

“அப்ப கால் போகட்டுமா?”

அவர் தாமே ஏற்படுத்திய முறைக்குள் தாமே மாட்டிக்கொண்டு நின்றார். எரிகிற அறைக்குள் இன்னொருத்திக்காக ஓடியவளுக்கு, தனக்காக ஒருவர் குனிவதைத் தாங்கிக்கொள்ள முடியவில்லையே என்று எனக்கு எரிச்சலும் பரிதாபமுமாக வந்தது.

அன்று மத்தியானம் மாரியம்மாளுக்குக் கட்டுப் பிரிக்க மேட்ரனம்மா தரையில் முழங்காலிட்டிருந்தார். அவர் முதுகு பொன்னுத்தாயின் கட்டில் பக்கம். நான் தட்டோடு நின்றேன். திடீரென்று பொன்னுத்தாய் சத்தம் போட்டாள்.

“இந்தா பாருங்க! மேட்ரனம்மா காலுல என்ன அது? சீ வடிஞ்சிருக்கு!”

வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மேட்ரனம்மா எப்போதும் வெள்ளைக் கேன்வாஸ் ஷூவும் வெள்ளைக் காலுறையும் போடுகிறவர். நின்றால் புடவை மறைத்துவிடும். முழங்காலிட்டபோது புடவை மேலேறி, கணுக்காலுக்கு மேலே காலுறை சீழ் பட்டு மஞ்சளாக நனைந்திருப்பது தெரிந்தது. நாங்கள் யாரும் அதுவரை பார்த்ததில்லை. நாங்கள் நிற்கிறவர்கள். படுத்துக் கிடந்தவள் கண்ணுக்குத்தான் அது பட்டது.

“ஒண்ணுமில்ல, சும்மா சின்னக் காயம்” என்று அவர் அவசரமாகப் புடவையை இழுத்துவிட்டார்.

“சின்னக் காயமா? சீ வடியுது. யாருகிட்ட காட்டுனீக?”

“நானே ரூம்ல கட்டுப் போட்டுக்கிறேன்மா. எனக்கு ஒண்ணும் வேண்டாம்.”

பொன்னுத்தாய் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். “அப்பிடியா சேதி! நீங்க உங்க காலைக் காட்டமாட்டீக. நான் மட்டும் நீட்டிக் காட்டணுமோ? நீங்களே களுவிக்கிடுவீக, நான் களுவுனா தப்பா? நல்ல ஞாயமா இருக்கே!”

மாரியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் மேட்ரனம்மா முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். முகம் சிவந்து, காது மடலெல்லாம் சிவந்து, மாரியம்மாளின் கட்டை என்னிடம் கொடுத்துவிட்டு வார்டை விட்டு வெளியே போய்விட்டார். பாதி வேலையில் அவர் எழுந்துபோனதை நாங்கள் கண்டதே இல்லை.

நான் கட்டை முடித்துவிட்டுத் தேடிப் போனேன். சிற்றாலயத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“எத்தனை நாளாம்மா?”

“நரம்பு சுருட்டிக்கிட்டது. நின்னு நின்னு வந்தது. ரெண்டு வருஷமா ஆறுறதும் வாறதுமா இருக்கு.”

“ரெண்டு வருஷமா! நாங்க இத்தனை பேர் எதுக்கும்மா இருக்கோம்?”

அவர் பலிபீடத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “வருஷா வருஷம் இங்கன பன்னிரண்டு நாற்காலி போடுறேன். கழுவுனவரை மாதிரி நாமளும் கழுவணும்னு மட்டும்தான் நினைச்சிருக்கேன் ஜெயா. காலை நீட்டிக்கிட்டு உக்காந்திருந்தாங்களே பன்னிரண்டு பேரு, அவங்களை நான் யோசிச்சே பாக்கல. அவங்களுக்கு எம்புட்டு வெட்கமா இருந்திருக்கும்! அதுல ஒருத்தர், என் காலைக் கழுவ விடமாட்டேன்னே இயேசுகிட்ட சொல்லிட்டாரு.” சொல்லிவிட்டுச் சிரித்தார். “நான் இத்தனை வருஷமா அவர் கட்சி போல.”

சாயங்காலம் காபி கொடுத்து முடிந்த நேரம். மேட்ரனம்மா வார்டுக்குள் வந்து, பொன்னுத்தாய் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஷூவைக் கழற்றினார். காலுறையைச் சுருட்டிக் கழற்றினார். உள்ளே தாமே சுற்றியிருந்த கட்டு புண்ணோடு ஒட்டிக் காய்ந்துபோயிருந்தது. எங்களுக்கெல்லாம் ஊறவைத்துப் பிரிக்கச் சொன்னவர், தம் காலுக்கு அந்த நேரத்தைக் கொடுக்கவில்லை. காலைத் தூக்கிக் கட்டில் விளிம்பில் வைத்தார்.

“நீயே பாரு பொன்னுத்தாயி” என்றார்.

நான் குறுக்கே விழுந்தேன். ஒருத்தி புண்ணை இன்னொருத்தி தொட்டால் கிருமி பரவும். சோப்புப் போட்டுக் கையைக் கழுவவைத்து, கையுறை மாட்டிவிட்டு, தனித் தட்டு, தனி பேசின் எல்லாம் கொண்டுவந்து வைத்த பிறகுதான் விட்டேன். பெரிய கையுறை; பொன்னுத்தாயின் விரல் நுனியில் தொளதொளவென்று தொங்கியது. சலைன் பாட்டிலை அவள் கையில் கொடுத்தேன்.

குனியப் போனவள் நிமிர்ந்தாள். மேட்ரனம்மா முகத்தைப் பார்த்தாள். “தொடட்டுமா?” என்று கேட்டாள்.

மேட்ரனம்மாவுக்கு உதடு துடித்ததே தவிர வார்த்தை வரவில்லை. ஸ்டூலின் விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார். பொன்னுத்தாய் அவசரப்படவில்லை. அவரைப் பார்த்தபடியே காத்திருந்தாள். கடைசியில் அவர் தலையைக் குனிந்துகொண்டு, “தொடும்மா” என்றார். கண்ணீர் பொலபொலவென்று மடியில் விழுந்தது.

சரம் பின்னிய அந்த விரல்கள் அவ்வளவு மெதுவாகப் போகும் என்று நான் நினைக்கவில்லை. சொட்டுச் சொட்டாக விட்டாள். துணி ஊறியது. இழுக்கவில்லை. அது மிதந்து வருகிறவரை பொறுத்திருந்து எடுத்தாள். மருந்து வைத்துக் கட்டுவதை மட்டும் நான் செய்தேன். எல்லாம் முடிந்ததும் பொன்னுத்தாய் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, கட்டில் கம்பியில் சாய்ந்துகொண்டு, போர்வையைத் தானே விலக்கினாள்.

“இப்ப நீங்க தொடுங்க” என்றாள்.

டாக்டரை வரவழைத்து, மயக்க ஊசிக்கும் அவள் சம்மதிக்க, மறுநாள் காலையிலேயே செத்த தோலை எடுத்தார்கள். வலது காலில் இரண்டு விரல்கள் போயின. பாதம் தங்கியது. பிறகு தொடையிலிருந்து தோல் எடுத்து உள்ளங்காலில் வைத்தார்கள். தினமும் மேட்ரனம்மாதான் கட்டு மாற்றினார். அது முடிந்ததும் அதே ஸ்டூலில் அவர் உட்கார, எல்லோரும் பார்க்க நான் அவருக்குக் கட்டு மாற்றுவேன். “ஜெயா சிஸ்டர், துணியைப் பிடிச்சு இளுக்காதீக, ஊறட்டும்” என்று பொன்னுத்தாய் கட்டிலில் இருந்து மேற்பார்வை பார்ப்பாள். என்னை அதட்ட வார்டில் ஒரு ஆள் கூடிவிட்டது என்று நான் முணுமுணுப்பேன்.

பொன்னுத்தாய் வாக்கரைப் பிடித்து நடந்து, பிறகு கம்பு ஊன்றி நடந்து வீட்டுக்குப் போனாள். கம்பெனியின் வெடிமருந்து அறைக்கு அவள் திரும்பப் போகவில்லை. உட்கார்ந்து பெட்டி ஒட்டுகிற வேலைக்குப் போனாள். அடுத்து மருந்து வாங்க வந்தபோது ஒரு சேவுப் பொட்டலத்தை நீட்டினாள். மேட்ரனம்மா என்ன செய்யப் போகிறார் என்று நான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வாங்கி, அங்கேயே வராந்தாவில் நின்றபடி நூலை அவிழ்த்து, ஒரு கை அள்ளி வாயில் போட்டார். “காரம் ஜாஸ்தி” என்றார், கண்ணில் தண்ணீர் வர. எங்களுக்கு மிச்சம் கிடைத்தது கொஞ்சம்தான்.

அடுத்து வந்த பெரிய வியாழனில் அவர் பன்னிரண்டு பேருக்கும் கால் கழுவி முடித்துவிட்டு, ஒரு காலி நாற்காலியில் தாமும் உட்கார்ந்து, ஷூவைக் கழற்றினார். துவைக்கிற வேலை பார்த்த அன்னம்மாள் செம்பை எடுத்துக்கொண்டு போனாள். அவர் வேலை பார்த்த கடைசி வருஷம் வரை அப்படித்தான் நடந்தது. இப்போது அவர் இல்லை.

இனி என் காலுக்கு வருகிறேன். மலர் அன்றைக்கு என் வீட்டில் எனக்கு ஒரு பதிலுக்கும் இடம் கொடுக்கவில்லை. அடுப்பில் சலைன் பாட்டிலுக்குத் தண்ணீர் வெதுவெதுப்பாக்கினாள். கொல்லையில் கிடந்த சாக்கை எடுத்து உதறி நான்காக மடித்துப் போட்டாள். “ஏட்டி, ஸ்டூல் இருக்கே, அதுல உக்காரு” என்றேன். கேட்கவில்லை. முழங்காலிட்டாள்.

நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். “தொடட்டுமாக்கா?”

வாழ்நாளில் எத்தனையோ ஆயிரம் பேரிடம் நான் கேட்ட கேள்வி. என்னிடம் யாரும் கேட்டதில்லை. ஒரே ஒரு வார்த்தை சொல்ல மேட்ரனம்மாவுக்கு அன்றைக்கு ஏன் அவ்வளவு நேரமானது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. மலரும் அவசரப்படவில்லை, பாட்டிலைக் கையில் பிடித்தபடி காத்திருந்தாள்.

சேலையை விலக்கி, காலை அவள் பக்கம் நீட்டினேன். “தொடு தாயி” என்றேன்.